கோட்டார்

எங்கள் வாசிகசாலையில் காலை ஏழரைக்குக் கோட் கூடும். பேப்பர் போடுகிற பெடியன் ‘உதயன்’, ‘வலம்புரி’ இரண்டையும் வாங்கிலில் எறிந்துவிட்டுப் போன கையோடு கோட்டார் வந்து இருந்து, மூக்குக்கண்ணாடியைச் சால்வைத் தலைப்பால் துடைப்பார். அவர் துடைத்து முடியும்வரை வேறு எவரும் பேப்பரைத் தொடமாட்டார்கள். தொட்டால் நீதிமன்ற அவமதிப்பு.

கோட்டார் என்பது பட்டப்பெயர். சட்டம் படித்து வந்ததல்ல, வழக்காடி வந்தது. பக்கத்து வளவுக்காரர் ஓர் இரவில் இரண்டு கதியாலை இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று இவர் போட்ட எல்லை வழக்கு பதினேழு வருடம் இழுத்தது. தவணைக்குத் தவணை சைக்கிள் மிதித்துப் போய்வந்ததில் அப்புக்காத்துமாரின் பாசை முழுவதும் இவருக்குப் பாடமாகிவிட்டது. கடைசியில் வென்றது ஒரு முழம் நிலம். அதில் இப்போது ஒரு முருங்கை நிற்கிறது. அது இவருக்காகக் காய்ப்பதில்லை, பக்கத்து வளவுக்குள்தான் சாய்ந்து காய்க்கிறது. அதைப் பற்றி யாரும் அவரிடம் கதைப்பதில்லை.

முந்தி இவருடைய நியாயாதிக்கம் வேலி, ஆடு, கிணற்றுப்பங்கு என்ற அளவில் நின்றது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகியது. அதுவரை வெளிநாடு போவதென்றால் இரவு பஸ்ஸில் முழங்கால் மடக்கிக் கட்டுநாயக்கா போகவேண்டும். இப்போது சென்னை ஒன்றேகால் மணித்தியாலம். விமானம் கோட்டாரின் ஓட்டுக்கூரைக்கு மேலால் போகிறது. தன் வளவுக்கு மேலால் போகிற எதுவும் தன் நியாயாதிக்கத்துக்கு உட்பட்டது என்பது அவருடைய சட்டக் கொள்கை. கொரோனா வந்து சேவை நின்ற காலத்தில் அவர் வழக்கில்லாத அப்புக்காத்து மாதிரி வாடிப்போனார். 2022 டிசம்பரில் மீண்டும் சத்தம் கேட்டபோதுதான் முகம் தெளிந்தது.

ஆனால் உள்ளூரில் வழக்கு விழவில்லை. ஓய்வுபெற்ற கணித மாஸ்டர் ஒருநாள் கணக்குப் பார்த்துச் சொன்னார்:

“அண்ணை, 2023இல உலகம் முழுக்க 480 பறப்புக்கு ஒண்டு எண்ட கணக்கிலதான் குழப்படி நடந்திருக்கெண்டு விமானக் கொம்பனிகளின்ர சங்கம் சொல்லுது. பலாலிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பறப்பெண்டு வைச்சால் எட்டு மாதத்துக்கு ஒரு வழக்குத்தான் உங்களுக்கு வரும்.”

“அதுக்கிடையில நான் செத்துப்போவன்” என்றார் கோட்டார். அன்றிலிருந்துதான் இந்தியாவில் இருந்து வழக்குகளை இறக்குமதி செய்யத் தொடங்கினார்.

அவர் வாழ்நாளில் விமானம் ஏறாதவர். அது நீதிக்கு நல்லது என்பார்; ஏறினவன் ஒருபக்கம் சாய்ந்துவிடுவானாம். விமானத்தில் நடக்கிற எல்லாக் குற்றமும் கடைசியில் எல்லைக் குற்றம்தான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இரண்டு கதிரைக்கு நடுவில் உள்ள கைக்கட்டை பொதுவேலி. முன்சீற்காரன் சாய்வது இரவில் கதியால் தள்ளுவதற்குச் சமம். சன்னல் சீற் வெறுமையாகக் கிடந்தால் அதற்கு உரித்தாளி நடுச்சீற்காரன். ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமையில் கூட்டுப்பங்காளிக்குத்தான் முதலில் கேட்கிற உரிமை.

“அப்ப கொரிடோர் பக்கத்துக்காரன்?” என்று சலூன்காரத் தம்பி கேட்டார்.

“அவனுக்குப் பாதை உரிமை மட்டும்.”

சிரிக்கலாம். ஆனால் முழங்கைக்கு முழங்கை இடிபட்டு மூண்ட சண்டைகளின் செய்திகளை வாசித்தபின், இந்த மனிதர் சொன்னதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இறக்குமதியான முதல் வழக்கு செருப்பு வழக்கு. 2017 மார்ச் 23. புனேயில் இருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில், வணிக வகுப்பு ரிக்கற்றை வைத்துக்கொண்டு சாதாரண வகுப்பில் இருத்தப்பட்ட கோபத்தில், சிவசேனை நாடாளுமன்ற உறுப்பினர் ரவீந்திர கெய்க்வாட் விமான நிறுவன ஊழியரைச் செருப்பால் அடித்தார். இருபத்தைந்து தரம் அடித்தேன் என்று அவரே தொலைக்காட்சிக்குச் சொன்னார். பழைய பேப்பர்க் கட்டில் இருந்து இதைத் தோண்டி எடுத்த கோட்டார் ‘இருபத்தைந்து’ என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“கோபத்தில அடிச்சவனுக்கு எண்ணிக்கை தெரியாது. இவர் எண்ணியிருக்கிறார். எண்ணி அடிச்சால் அது முன்யோசனை. ரெண்டு வருசம் மறியல்.”

நடந்தது வேறு. விமான நிறுவனங்கள் சேர்ந்து அவரை ஏற்றமாட்டோம் என்றன. மனிதர் ரயிலில் போனார். மந்திரிக்கு வருத்தக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 7இல் தடை நீங்கியது. அந்த அமளிக்குப் பிறகு, அதே வருடம் செப்டம்பரில், இந்தியா பறக்கத் தடைப்பட்டியல் விதிகளைக் கொண்டுவந்தது. வாயால் செய்த குழப்படிக்கு மூன்று மாதம் வரை, கையால் செய்ததற்கு ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்தானதற்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. வாய், கை, உயிர் என்று படி கட்டியிருப்பது கோட்டாருக்கு நிரம்பப் பிடித்துவிட்டது. “எங்கட வேலிச் சண்டையும் இந்த ஒழுங்கிலதான் போறது” என்றார்.

மாஸ்டர் மட்டும் சும்மா இருக்கவில்லை. வாசிகசாலைக் கரும்பலகையில் அன்றைய செய்தியை அழித்துவிட்டு ஒரு அட்டவணை போட்டார். செருப்படிக்கு இரண்டு கிழமைத் தடை. 2020 ஜனவரியில் மும்பையில் இருந்து லக்னோ போன விமானத்தில் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா, தொலைக்காட்சிக்காரர் அர்னாப் கோசுவாமியின் சீற்றடியில் நின்று கேள்வி கேட்டுப் படம் பிடித்தார், கைபடவில்லை. ஆறு மாதத் தடை, பிறகு மூன்றாகக் குறைந்தது. 2022 நவம்பர் 26இல் நியூயோர்க்கில் இருந்து டெல்லி வந்த விமானத்தில், ஒருவர் வெறியில் முதிய பெண் பயணி மேல் சிறுநீர் கழித்தார் என்ற குற்றச்சாட்டு. விமான நிறுவனம் போட்டது நாலு மாதத் தடை. 2017 ஒக்டோபரில் விமானக் கழிவறையில் கடத்தல் மிரட்டல் கடுதாசி வைத்ததாக ஒரு நகைக்கடைக்காரருக்கு 2019இல் ஆயுள் மறியல், ஐந்து கோடி ரூபாய் தண்டம்.

“அடிச்சதுக்கு ரெண்டு கிழமை, கேட்டதுக்கு மூண்டு மாதம், எழுதினதுக்கு ஆயுள். இதில என்ன சூத்திரம் அண்ணை இருக்குது?” என்று சோக்கட்டியைத் தட்டினார் மாஸ்டர்.

கோட்டார் நெடுநேரம் பலகையைப் பார்த்தார். “படிச்ச குற்றத்துக்குத்தான் தண்டனை கூட” என்றார் மெதுவாக. கடுதாசி வழக்கில் 2023இல் குஜராத் உயர்நீதிமன்றம் அந்த மனிதரை விடுதலை செய்துவிட்டது என்று மாஸ்டர் சொன்னபோது, இவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டார். பதினேழு வருடம் கோட்டு வாசலில் நின்ற ஆளுக்கு, ஆறு வருடம் கழித்து வருகிற விடுதலை எப்படிப்பட்டதென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

சிறுநீர் வழக்கைக் கதவடைத்து விசாரித்தார். அதாவது கிழவிகள் சந்தைக்குப் போனபின். பிரதிவாதிக்காக வாதாடிய சலூன்காரத் தம்பியின் வாதம் ஒன்றே ஒன்று: “இங்க ஒவ்வொரு மதிலிலயும் அறிவித்தல் எழுதிக் கிடக்குது. பிளேனுக்குள்ள எழுதியிருந்ததோ?” வாதம் தள்ளுபடியானது. வெறி தண்டனையைக் குறைக்காது, இரட்டிக்கும் என்று தீர்ப்பு. விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் தண்டம் விழுந்ததை மட்டும் அவர் மனதார ஏற்றார். சாராயத்தை வார்த்தவனும் எதிராளிதானே என்றார்.

எங்கள் கோட்டிலேயே நீண்டுபோன வழக்கு சேபால ஏக்கநாயக்க வழக்கு. நாட்டுக்காரன் என்பதால் எல்லாருக்கும் ஒரு சொந்தம். 1982 ஜூன் 30இல் டெல்லியில் இருந்து பாங்கொக் போன அலிட்டாலியா ஜம்போவை அந்த மனிதர் மறித்தார். வெடிகுண்டு இருக்கிறதென்றார், இருக்கவில்லை. இத்தாலியில் பிரிந்திருந்த மனைவியையும் மகனையும் கொண்டுவா, மூன்று லட்சம் டொலர் தா என்றார். இரண்டும் கிடைத்தன. மனைவி, மகன், காசு மூன்றோடும் கொழும்புக்கு வந்திறங்கினார். சனம் வரவேற்றது.

“மனுசியிட்ட இருந்து தப்பப் பிளேன் ஏறினவையை நான் கண்டிருக்கிறன்” என்றார் சலூன்காரர். “மனுசியைக் கொண்டுவா எண்டு பிளேனை மறிச்சவன் இவன் ஒருத்தன்தான். விடவேணும்.”

கலியாணம் கட்டாத இருவர் தவிர முழு வாசிகசாலையும் விடுதலைப் பக்கம் நின்றது. கோட்டார் மட்டும் விடவில்லை. உள்ளுக்கிருந்த சனம் அன்றைக்குத் தன் பிள்ளைகளை நினைத்து அழுதிருக்குமோ இல்லையோ என்று கேட்டார். வாங்கில் அமைதியாகிவிட்டது.

ஆனால் தண்டனைக்கு வந்தபோது அவரே தடுமாறினார். விமானத்தை மறித்த நாளில் அதைக் குற்றமென்று சொல்லும் தனிச் சட்டம் இலங்கையில் இருக்கவில்லை. பிறகு, 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, முன்னுக்கு நடந்ததற்கும் செல்லும் என்றார்கள். மேல் நீதிமன்றம் ஆயுள் மறியல் கொடுத்தது. மேன்முறையீட்டில் ஐந்து வருடமாகக் குறைந்தது.

“குற்றம் முந்தி, சட்டம் பிந்தி. வேலி போட்டபிறகு எல்லைக்கல்லை நட்ட மாதிரி” என்று முணுமுணுத்தார். இந்த இடத்தில் நான் கோட்டாரின் பக்கம். 1979இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நிரந்தரமாக்கப்பட்டதும் இதே 1982இல்தான். சட்டம் தன் காலக்கணக்கை வசதிக்கேற்ப முன்னும் பின்னும் தள்ளுவதை யாழ்ப்பாணத்தானுக்கு விமானம் ஏறித்தான் அறியவேண்டும் என்றில்லை. அந்த வழக்கை அவர் திகதியிடாமல் ஒத்திவைத்தார். இன்றைக்கும் அது முடியவில்லை.

முடிந்த வழக்கொன்று உண்டு. 2022 டிசம்பர் 10இல் சென்னையில் இருந்து திருச்சிக்குப் புறப்படவிருந்த இண்டிகோ விமானத்தின் அவசரக் கதவு, தரையில் நிற்கும்போதே திறபட்டது. பிறகு, திறந்தவர் பாஜக நாடாளுமன்ற உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா, தவறுதலாக நடந்தது, அவரே மன்னிப்பும் கேட்டுவிட்டார் என்று இந்திய விமானத்துறை அமைச்சர் சொன்னார். சோதனைகள் முடிந்து விமானம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் புறப்பட்டது. “தவறுதலாக் கதவு திறக்க அது என்ன ஆட்டுக்கொட்டிலோ?” என்று கேட்டு, பிரதிவாதி ஆஜராகாமலே ஆறு மாதத் தடை விதித்தார் கோட்டார்.

2025 மார்ச் கடைசியில் பலாலியில் இருந்து திருச்சிக்கு நேர்ச்சேவை வந்தது. சிதம்பர தரிசனத்துக்கென்று மகன் கனடாவில் இருந்து ரிக்கற் போட்டுக் கொடுக்க, கோட்டாரும் ஏறிவிட்டார். பத்து நாள் கழித்து வந்தவர் விபூதிப் பிரசாதத்தைப் பங்கிட்டார். வழக்கமான கதை எதையும் தொடங்கவில்லை. மாஸ்டர்தான் கிண்டினார்.

“முன் வரிசையில இருத்திப்போட்டினம்” என்றார் கடைசியில். “பக்கத்தில அவசரக் கதவு. அந்தப் பிள்ளை வந்து, ஐயா, ஆபத்தெண்டால் இதைத் திறந்து உதவுவீங்களோ எண்டு கேக்குது. ஓம் எண்டு சொல்லியிட்டன். பேந்துதான் யோசிச்சன், ஏன் சொன்னனெண்டு.”

“பேந்து?”

“ரெண்டு கையையும் துடைக்குக் கீழ வைச்சு அதுக்கு மேல இருந்தன். திருச்சி மட்டும் எடுக்கேல்லை. அவை தந்த தண்ணியும் குடிக்கேல்லை.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் துடைத்தார். இது தீர்ப்புக்கான துடைப்பு என்று எல்லாருக்கும் தெரியும். மாஸ்டர் சோக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகையடிக்குப் போனார்.

“அந்தக் கதவு வழக்கில ஆறு மாதம் எண்டதை வெட்டும். ஒரு கிழமை எண்டு போடும். பிடி கண்ணுக்கு முன்னாலயே நிக்குது தம்பி.”