இ.சி.ஜி. நார்மல் என்றால் இதயமும் நார்மலா?

கேள்வி: நெஞ்சுவலிக்கு எடுத்த இ.சி.ஜி. நார்மல் என்று வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்கலாம், அந்தப் பத்து விநாடிக்கு! உடலில் பத்து இடங்களில் மின்முனைகளை ஒட்டி, பன்னிரண்டு கோணங்களில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. வழக்கமாகப் பார்ப்பது சுமார் 10 விநாடிகளைத்தான். ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தின் பத்துப் பன்னிரண்டு துடிப்புகளே அந்தத் தாளில் இருக்கின்றன. விட்டு விட்டு வரும் படபடப்பு அந்த நேரத்தில் வராவிட்டால் கோடு ஒழுங்காகவே ஓடும். அதைப் பிடிக்கத்தான் 24 மணி நேரமும் உடலோடு இருக்கும் ஹோல்டர் கருவி. மாரடைப்பின் தொடக்கத்தில்கூட முதல் இ.சி.ஜி. நார்மலாக வரக்கூடும். அதனால்தான் சிறிது நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கிறார்கள்.

‘அப்படியானால் இ.சி.ஜி. எதற்கு, வீண் செலவுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. இதய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால், கோட்டின் எஸ்.டி. பகுதி மேலே எழும்புவதைச் சில நிமிடங்களில் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான். நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதும் அதனால்தான். ஆபத்து என்று அது சொன்னால் உடனே செயல்பட வேண்டும். ஆபத்தில்லை என்று சொன்னால் விசாரணை தொடர வேண்டும். வலி மறுபடி வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். பழைய இ.சி.ஜி. கைக்கெட்டினால் கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.