மதிலோரப் பவளமல்லி: வளர்ப்பும் வாரிசுரிமையும்

பவளமல்லி, ஒருவர் நட்டுத் தண்ணீர் ஊற்ற இன்னொருவர் பூப் பொறுக்கும் மரம். மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 10 மீட்டர் வரை வளரக்கூடியது. வீட்டுத் தோட்டங்களில் மதிலின் உயரத்தைத் தாண்டியதும் மேலே போகும் அவசரம் அதற்குக் குறைந்துவிடும். பக்கவாட்டில் சாயத் தொடங்கும். 1753-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இந்தச் சாய்வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சரியாக அமையவில்லை போலும்.

வளர்ப்பு முறை எளிது. தட்டையான காய்க்குள் இரண்டு விதைகள் இருக்கும். விதையிலிருந்தும் வரும், முற்றிய குச்சியை நட்டாலும் வரும். நல்ல வெயிலும் வடிகாலுள்ள மண்ணும் போதும். அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். புதுத் துளிர்களில்தான் பூ வைக்கும் என்பதால், பூக்காலம் ஓய்ந்ததும் கவாத்து செய்ய வேண்டும். உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் இலைகள் கையைத் தேய்த்துவிடும். இந்த வேலைகள் முழுவதும் மரத்துக்கு உரியவரைச் சேர்ந்தவை.

இனி, சாய்வுக்கு வருவோம். வீட்டின் நடுவிடத்தை எவரும் மரத்துக்குக் கொடுப்பதில்லை. கன்று மதில் மூலைக்கே போகிறது. ஒரு பக்கம் சொந்த மாடியின் நிழல், மறுபக்கம் அண்டை வீட்டுத் திறந்த முற்றம். கிளைகள் வெளிச்சத்தைத் தேடுகின்றன, அவ்வளவுதான். ஆயினும் இதில் மரத்தின் நன்றிகெட்டதனத்தைக் காணும் ஒரு சிந்தனைப் பள்ளி உண்டு. அதன் உறுப்பினர்கள் அனைவரும் மரத்துக்கு உரியவர்களே.

சிக்கலின் வேர் பூவின் நேர ஒழுக்கத்தில் இருக்கிறது. மாலையில் மலர்ந்து, இரவில் அந்துப்பூச்சிகளுக்கு மணம் பரப்பி, விடியலில் காம்பு கழன்று உதிர்ந்துவிடும். ஈரத்தரையில் கவிழ்ந்து ஒட்டிக்கிடக்கும் பூவில் முதலில் தெரிவது மேலே நிமிர்ந்த ஆரஞ்சுக் குழலே. குங்குமப்பூவின் நிறத்துக்குக் காரணமான குரோசெட்டின்தான் இங்கும் வேலை செய்கிறது. வெள்ளை இதழ்கள் வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். ஆகவே உரிமையைத் தீர்மானிப்பது பட்டா அன்று, விழிக்கும் நேரம். கீழே விழுந்த பூ பூஜைக்கு ஆகாது என்ற பொதுவிதியிலிருந்து பவளமல்லிக்கு விலக்கு இருப்பதால், அண்டை வீட்டார் மீது ‘பறித்தார்’ என்ற குற்றச்சாட்டும் நிற்காது. அவர் தம் வாசலைத்தான் சுத்தம் செய்தார்.

பொறுக்குவோரில் மூவகையினர் காணப்படுகின்றனர். குனிந்து ஒவ்வொன்றாக எடுப்போர் முதல் வகை, இவர்களால் ஆபத்தில்லை. முந்தின இரவே பழைய சேலையை விரித்து வைப்போர் இரண்டாம் வகை, திட்டமிடுபவர்கள். மதிலுக்கு மேலே நீண்ட கிளையை ‘லேசாக’ உலுக்குவோர் மூன்றாம் வகை. இவர்களே பிற்பகலில் “உங்க மரத்து இலை எங்க பக்கம் குப்பையா விழுதுங்க” என்று முறையிடுகின்றனர். பூ விழும்போது மரம் பொதுவானது; இலை விழும்போது அது ‘உங்க மரம்’.

இவ்வழக்குக்குப் புராண முன்தீர்ப்பும் உண்டு. கண்ணன் தேவலோகத்துப் பாரிஜாதத்தைக் கொண்டுவந்து சத்தியபாமாவின் தோட்டத்தில் நட்டான். பூக்களோ ருக்மிணியின் முற்றத்தில் விழுந்தன என்பது வழங்கிவரும் கதை. அந்தப் பாரிஜாதம் பவளமல்லியே என்பது பலர் கொள்கை. துவாரகை அரண்மனையிலேயே தீராத மதில் பிரச்சினை, நகர்ப்புறக் குடியிருப்புகளில் தீரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மதிலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, நாற்புறமும் வெயில் படும் இடத்தில் நடுவது ஒரு வழி. அவ்வளவு இடமில்லாதவர்கள் நல்ல கன்றாக ஒன்றை வாங்கி, பக்கத்து வீட்டாருக்குப் பரிசளித்து, மதிலை ஒட்டியே நடச் சொல்லலாம்.