கம்ப்யூட்டர் மாமா

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு கம்ப்யூட்டர் மாமா இருப்பார். சில வீடுகளில் அவர் சித்தப்பா. அபார்ட்மென்ட் என்றால் மூன்றாவது மாடி சார். தொண்ணூறுகளில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்துவிட்டு, உரக் கம்பெனி அக்கவுண்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர். சட்டைப் பையில் பேனாவை ஒட்டி ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் நிற்கும்.

மாமாவின் முழுத் திறமையும் வெளிப்படுவது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்ட வீட்டில்தான். ப்ளஸ் டூ பையன் "ப்ராஜெக்ட்டுக்கு வேணும்ப்பா" என்று நச்சரித்து, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வாங்கியிருப்பான். எந்த ப்ராஜெக்ட்டில் இவ்வளவு துப்பாக்கிச் சத்தம் வரும் என்று அப்பா யோசிப்பதெல்லாம் பிறகுதான். கார்டை மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை.

காரணத்தை இப்போதே சொல்லிவிடலாம். மானிட்டர் ஒயர் இன்னும் பழைய இடத்திலேயே, மதர்போர்டில் சொருகியபடி இருக்கிறது. தனிக் கார்டு வந்து உட்கார்ந்ததும் பல போர்டுகள் தம் சொந்தப் படத்தை நிறுத்திவிடும். ஒயரைப் பிடுங்கி, நாலு விரற்கடை கீழே கார்டில் இருக்கும் ஓட்டையில் சொருகினால் படம் வந்துவிடும். அரை நிமிஷ வேலை.

ஆனால் அரை நிமிஷ வேலைக்கு மாமா எதற்கு? நோய் அற்பமானது என்றால் வைத்தியருக்கு என்ன மரியாதை? ஆகவே கேபினட்டின் பின்பக்கத்தை மாமா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

காபி குடித்து முடித்ததும் முதல் கேள்வி வரும்: "யாரு அசெம்பிள் பண்ணது?" யார் பெயரைச் சொன்னாலும் தலை இடமும் வலமும் ஆடும். "வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அடுத்து கார்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பார்.

"செகண்ட் ஹேண்டா? மைனிங்ல ஓடினதா இருக்கும்."

"நெய்வேலியிலயாண்ணா?" என்பாள் அம்மா.

உண்மையில் அன்று மாலை மாமா சொல்வதில் பொருள் உள்ளது இந்த மைனிங் பேச்சு ஒன்றுதான். எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை உருவாக்க இத்தகைய கார்டுகளை இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பரில் அந்த நாணயம் கார்டுகளே தேவைப்படாத வழிமுறைக்கு மாறிக்கொண்டது. வேலை போன கார்டுகள் கூட்டம் கூட்டமாகப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. எல்லாம் சரி. இந்தத் திரை கறுப்பாக இருப்பதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அடுத்தது ரப்பர். தங்கையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து அது வரவழைக்கப்படும். மாமா கார்டை ஓரத்தில் பிடித்து, பளபளக்கும் பற்களின் மேல் ரப்பரை ஒரே திசையில் இழுப்பார், துகளை ஊதுவார், ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், திருப்திப்படாமல் மறுபடி தேய்ப்பார். பற்களில் அழுக்கு படிந்திருந்தால் இந்த வைத்தியம் நிஜமாகவே பலிக்கும். அதனால்தான் மாமாவின் பெயர் இத்தனை வருஷம் நிலைத்திருக்கிறது. கை சூட்டோடு ரேமையும் கழற்றித் தேய்த்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டுவார். ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கி 'டக்' என்று விழும். "கேட்டுதா? முன்னாடி இந்த 'டக்' வந்திருக்காது."

ஆன் செய்வார்கள். கறுப்பு.

"எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்ஸ்?"

"450 மாமா."

"பத்தாது."

பையன் கணக்குச் சொல்வான். கார்டுக்குத் தேவை 125 வாட்ஸ். ஸ்லாட் மட்டுமே 75 வரை தரும். எட்டு பின் ஒயர் இன்னொரு 150 தரும். "கணக்கெல்லாம் காகிதத்துல சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மாமா கார்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்குவார். போர்டின் மேல்மூலையில் ப்ராசஸருக்குப் போகும் எட்டு பின் ஒயரையும் பிடுங்கி, அதைக் கொண்டுவந்து கார்டில் அழுத்துவார். இரண்டுக்கும் எட்டுப் பின்தான். ஆனால் ஒன்று ஆறும் இரண்டுமாகப் பிரியும், மற்றது நாலும் நாலுமாக. ஒன்று மற்றதன் இடத்தில் நுழைந்துவிடாதபடி துளைகளில் சிலவற்றைச் சதுரமாகவும் சிலவற்றை மூலை மழுங்கலாகவும் வார்த்திருப்பார்கள்.

"போக மாட்டேங்குதே!"

"போகக் கூடாதுன்னுதான் மாமா அப்படிச் செஞ்சிருக்கான்."

பையன் இரண்டையும் அதனதன் இடத்தில் மாட்டும்போது, மாமாவின் விரல் போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரிக்குப் போய்விட்டிருக்கும். சிஆர் 2032, மூன்று வோல்ட். அதை நெம்பி எடுத்து, துடைத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து மறுபடி வைப்பார். "பயாஸ் ரீசெட் ஆயிடும். இதுக்கு மேல எந்த டெக்னிஷியனும் ஒண்ணும் பண்ண முடியாது."

மறுபடி கறுப்பு. இனி ஒரே அஸ்திரம்தான் பாக்கி.

"ஃபார்மட் அடிச்சிடலாம்."

"மச்சான், திரையே தெரியலியே. எதைப் பார்த்து அடிப்பீங்க?" என்பார் அப்பா. இருபது வருஷமாகக் காத்திருந்த கேள்வி அது.

அந்த மௌனத்தில்தான் கட்டிலிலிருந்து பாட்டியின் குரல் வரும். "ஏண்டா, அந்த டிவி ஒயரு மாதிரி இருக்கே, அதுக்குக் கீழயும் அதே மாதிரி ஒரு ஓட்டை சும்மாத்தானே இருக்கு? அதுல சொருகிப் பாரேன்."

பையன் சொருகுவான். படம் வந்துவிடும். எல்லாரும் பாட்டியைப் பார்ப்பார்கள்; மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ரப்பர் போட்டேன் இல்ல, அது இப்பத்தான் புடிக்குது."

இதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஏனென்றால் மாமா காசு வாங்குவதில்லை. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை நமக்காகக் கொடுத்தவரை எப்படிக் கேட்பது? நாலு தோசை, இன்னொரு காபி, "அண்ணன் வந்ததாலதான் சரியாச்சு" என்று அம்மா ஊருக்கெல்லாம் போன் செய்து சொல்லும் ஒரு சர்டிஃபிகேட். ரிச்சி தெருவில் எந்தக் கடைக்காரருக்கும் இந்த வருமானம் கிடையாது. மேஜையில் மிஞ்சிய மூன்று ஸ்க்ரூக்களை "இதெல்லாம் எக்ஸ்ட்ரா" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு மாமா விடைபெறுவார்.

மறுநாள் அப்பா கரண்ட் பில் கட்ட உட்காருவார். பேட்டரியைக் கழற்றியதில் கம்ப்யூட்டரின் தேதி ஏழெட்டு வருஷம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எந்தத் தளமும் உள்ளே விடாது. பையன் ஸ்கூலில், பாட்டி தூக்கத்தில். அம்மா உடனே அண்ணனுக்குப் போன் போடுவாள்.

மாமா வந்து, உட்கார்ந்து, கேபினட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு, பெருமூச்சுவிடுவார்.

"இதுல யாரோ தெரியாதவன் கை வெச்சிருக்கான்."