கட்டிலும் காவலும்

1986-ல் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி என்று சென்னையில் ஆபரேஷன் முடித்துக் கும்பகோணத்துக்குக் கூட்டிவந்தபோது, குடும்பமே கூடி அவருக்கு ஒரு கட்டிலைக் கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து காவிரித் தண்ணீரை இடுப்பில் சுமந்தவரிடம் "குடுங்க, நான் தூக்குறேன்" என்று ஒருவரும் சொன்னதில்லை. நோய் வந்ததும் காபி டம்ளரைக்கூடக் கழுவவிடாமல் பிடுங்கினோம். "அந்தக் கையால வெயிட் தூக்கக் கூடாது, வீங்கிடும்" என்றது டாக்டர் உத்தரவு. மற்ற உத்தரவுகள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் சாத்துக்குடியோடும் வந்தன. திண்ணைவரை போனால், "ஏன்க்கா எழுந்தீங்க?" என்று நாலு பேர் பாய்வார்கள்.

கடைசியில் வாசற்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்கியது. "நோய் எப்படித் தின்னுடுச்சு பாரு" என்றோம். படுக்கை தின்றதையும் நோயின் கணக்கிலேயே எழுதினோம்.

அதே எண்பதுகளில் அமெரிக்காவின் ஒஹாயோவில், மேரில் வின்னிங்ஹாம் என்ற நர்ஸ், கீமோ ஏற்றிக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றி மிதிக்கவைத்தார். குமட்டல் குறைந்தது. நின்ற இடத்தை விட்டு நகராத அந்தச் சைக்கிளில்தான் சேதி கும்பகோணத்துக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்ஸி என்ற டாக்டர், பெரியம்மாவைப் போல மார்பில் ஆபரேஷன் ஆன 24 பெண்களைத் துடுப்புப் போடப் படகில் ஏற்றினார். கை வீங்கியிருந்த பெண்கள்கூட, பயிற்சியாளர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று 2009-ல் ஓர் ஆய்வு சொன்னது. பெரியம்மாவிடமிருந்து குடத்தைப் பிடுங்கியவர்கள் அதற்குள் பாட்டிகளாகியிருந்தோம்.

இப்போது என் முறை. பெருங்குடலில் ஆபரேஷன், பிறகு கீமோ. பெரியம்மாவுக்குக் கிடைத்த கட்டில் எனக்கும் கிடைக்கும் என்று சப்புக்கொட்டிக்கொண்டு படுத்தேன். என் மகள் வயதுள்ள பிசியோதெரபிஸ்ட் எழுப்பிவிட்டாள்.

"ரொம்ப அசதியா இருக்கும்மா."

"அதுக்குத்தாம்மா நடக்கச் சொல்றேன்."

வாரத்தில் மூன்று நாள் அரைமணி நடை, இரண்டு நாள் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி. ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம். காய்ச்சல் அடித்தாலோ, ரத்த அணுக்கள் இறங்கினாலோ முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். மருந்தால் பாதம் மரத்துப்போனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சி. எலும்புக்குப் பரவியவர்களுக்குக் கணக்கே வேறு. படுத்தே இருக்கச் சலுகை எதுவும் அவள் பட்டியலில் இல்லை.

கீமோ முடிந்ததும் தப்பித்துவிடலாம் என்றிருந்தேன். 2025-ல் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு அது. எல்லோருக்கும் உடல்நல அறிவுரைப் புத்தகம் கிடைத்தது. ஒரு பாதிக்கு மட்டும் கூடவே ஒரு பயிற்சியாளரும், மூன்று வருஷத்துக்கு. எட்டு வருஷ முடிவில் உயிரோடு இருந்தவர்கள், புத்தகம் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 83. ஆளும் கிடைத்தவர்களில் 90.

அறிவுரைக்கு எங்கள் வீட்டில் என்றுமே பஞ்சமில்லை. அன்று "படுத்துக்கோ" என்ற அதே வாய்கள் இன்று வாட்ஸ்அப்பில் "நடந்தியா?" என்கின்றன. கூட நடக்க ஆள்தான் கிடைப்பதில்லை. வேறு வழியில்லாமல் என் கணவர் செருப்பை மாட்டினார். சர்க்கரைக்காக டாக்டர் வருஷக்கணக்கில் நடக்கச் சொல்லியும் அசையாத மனிதர், எனக்குக் காவலாகத் தெருமுனைவரை வருகிறார்.

எதிர்வீட்டு மாமி அவரை மறித்து, "இந்த உடம்போட நடக்கவைக்கிறது பாவமில்லையா?" என்று கடிந்துகொண்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "அதைத்தான் மாமி நானும் கேட்கிறேன்" என்று இவர் மூச்சு வாங்கிக்கொண்டே முந்திக்கொண்டார்.