மீதி 49 சதவீதம்

அமெரிக்காவின் எந்தச் சிற்றூர் விமானத் திடலுக்கும் ஒரு சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், அவர் இருப்பார். விஸ்கான்சினிலும் இருக்கிறார், ஓரிகானிலும் இருக்கிறார். அறுபதை ஒட்டிய வயது. பல் வைத்தியராகவோ பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாராகவோ இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஒரு டார்ச், நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று, நாலு வாஷர். விரல் இடுக்கில் எந்தச் சோப்புக்கும் மசியாத பிசின். வீட்டு ஷெட்டில் காரை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. கார் மழையிலும் பனியிலும் தெருவில் கிடக்க, உள்ளே ஒரு விமானம் வளர்ந்து, கதவைத் தாண்டி, கடைசியில் திடலிலுள்ள வாடகைக் கொட்டகைக்குக் குடிபோனது. "எப்போ முடியும்?" என்று கேட்டுவிடாதீர்கள். பத்து சதவீத வேலைதான் பாக்கி என்பார். ஐந்து வருஷத்துக்கு முன்பும் அவ்வளவுதான் பாக்கி இருந்தது.

இந்தப் பித்து இன்று நேற்றுப் பிடித்ததல்ல. 1929-ல் மின்னசோட்டா மாநிலத்துச் செர்ரி குரோவ் கிராமத்தில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல்-ஏ காரின் எஞ்சினை ஒரு மரச்சட்ட விமானத்தில் மாட்டிப் பறந்தே விட்டார். 1953-ல் பால் போபெரெஸ்னி இந்தப் பித்தர்களுக்கென்று மில்வாக்கியில் ஒரு சங்கம் தொடங்கினார். சங்கத்தின் ஆண்டுத் திருவிழா 1970-ல் ஆஷ்கோஷுக்குப் போனது, இன்றும் அங்கேதான். நம்மவர் அங்கே போய் வந்த பிறகுதான் வீட்டில் சேமிப்புக் கணக்கு இளைக்கத் தொடங்கியது.

சட்டம் அவருக்கு வைத்திருக்கும் நிபந்தனை வேடிக்கையானது. விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், அமெச்சூர்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியிருக்க வேண்டும். திடலில் இதற்கு 51 சதவீத விதி என்று பெயர். நம்மவர் இந்த விதியை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டவர். விமானம் பளபளவென்று நிற்கும்போது அந்த 51 அவருடையது. அது ஆட ஆரம்பித்தால், ஆட்டம் முழுவதும் மீதி 49-ல் இருந்து வருகிறது.

ஆட்டத்துக்கு முன்னால், எஞ்சின் மாட்டிய நாளைப் பார்த்துவிடுவோம். மூக்குப் பக்கம் ஃபயர்வால் என்ற இரும்புத் தகடு. அதிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குரோம்-மாலி எஃகுக் குழாய்க் கூடுதான் எஞ்சின் மவுண்டிங். லைகாமிங் நாலு சிலிண்டர் எஞ்சின், நூறு கிலோவுக்கு மேல் கனம், அந்தக் கூட்டில் நான்கே நான்கு போல்ட்டில் தொங்க வேண்டும். போல்ட்டுகளும் நேராகப் போகாது. டைனாஃபோக்கல் என்ற இந்த வகையில் நான்கும் எஞ்சினின் ஈர்ப்பு மையத்தைப் பார்த்தபடி 30 டிகிரி சாய்ந்து நிற்கும். அதிர்வு ரப்பரில் அடங்கவேண்டும் என்பதற்காக ஒரு புத்திசாலி போட்ட ஏற்பாடு. மாட்டுகிறவனைப் பற்றி அந்தப் புத்திசாலி யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் போல்ட் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது கொஞ்சம் முனகும். மூன்றாவதற்கு ரப்பர் சுத்தி. நான்காவது போகவே போகாது. ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்து ஓட்டை பிறை நிலாவாகத் தெரியும். செயின் பிளாக்கை ஒரு கண்ணி ஏற்று, அரைக் கண்ணி இறக்கு, எஞ்சினைக் கட்டிப் பிடி, இடது பக்கம் தள்ளு. "இப்போ பாரு! இப்போ பாரு!" மனைவி ஸ்பானரை நீட்டிக்கொண்டே, கல்யாணமாகி முப்பது வருஷமாகக் கேள்விப்படாத சொற்களையெல்லாம் அன்று கேட்டுக்கொள்கிறாள். ஒருவழியாகப் போல்ட் போய்ச் சேர்ந்தது. டார்க் ரெஞ்ச் சொடுக்கியது. ஆனால் நட்டின் பள்ளமும் போல்ட்டின் துளையும் ஒரே கோட்டில் வரவில்லை, நட்டைப் பூட்டும் காட்டர் பின் நுழையவில்லை. வாஷரைக் கழற்றி மெல்லிசு வாஷர் போட்டு, மறுபடி முறுக்கி, பின்னை வளைத்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. போல்ட்டுகளில் கோத்த ரப்பர்களை எந்த வரிசையில் போட்டோம் என்று திரும்பிப் பார்க்கும் மனநிலை அன்றைக்கு யாருக்கும் இல்லை.

விமானம் பறந்தது. அதை மறுக்கக் கூடாது. வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் (எஞ்சினும் விசிறியும் சான்று பெற்ற ஜோடியா இல்லையா என்பதைப் பொறுத்து) குறிப்பிட்ட எல்லைக்குள்ளேயே சோதனையாகப் பறக்க வேண்டும், பயணி கூடாது. இந்த மணிக்கணக்கில்தான் ஆட்டம் ஆரம்பித்தது. ஐட்லிங்கில் டேஷ்போர்டு நடுங்கியது. எஞ்சினை அணைத்தால் ஒரு பெரிய குலுக்கல் குலுக்கிவிட்டு நின்றது. நல்ல வேகத்தில் இருக்கையின் அடியிலிருந்து ஒரு கூச்சம் ஏறியது.

நம்மவர் பழியைப் பங்கிடும் முறையைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்த வரிசை எந்தக் கொட்டகையிலும் மாறுவதில்லை. முதல் குற்றவாளி விசிறி. மர விசிறி ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், அதனால் அதன் போல்ட்டுகளை அவ்வப்போது முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது உண்மைதான். பார்த்தார், சரியாக இருந்தது. தரையில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, விசிறியின் இரண்டு இறக்கை நுனியும் அதே இடத்தில் வந்து தொடுகிறதா என்று சுற்றிப் பார்த்தார். தொட்டது. இருந்தாலும் விசிறி செய்தவருக்குக் காட்டமாக ஒரு கடிதம் போனது. அடுத்து ஸ்பார்க் பிளக். அடுத்து, "இப்போ வர்ற ரப்பரெல்லாம் அந்தக் காலத்து ரப்பர் மாதிரியா இருக்கு?"

அதற்கும் அடுத்து, மவுண்டிங்கை வெல்டு செய்தவன். முகம் தெரியாத அந்த வெல்டரை நம்மவர் வெகு நாட்கள் சந்தேகித்தார். குழாய்க்கூட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பது இதற்காகத்தான், விரிசல் விட்டால் கறுப்பு மயிரிழையாகக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு, குழாய்கள் கூடும் முடிச்சு முடிச்சாக, (பல் வைத்தியராக இருந்தவர் என்றால்) பழைய தொழில் ஞாபகத்தில் வாயைத் திறக்கச் சொல்லாத குறையாக, எல்லாம் பார்த்தார். விரிசல் இல்லை. ஒரு கேபிள் கிளாம்ப் குழாயை உரசிப் பெயின்ட்டைத் தேய்த்திருந்தது. அதை இறுக்கிவிட்டு, "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆட்டமும் நிற்கவில்லை.

இதற்கிடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கொட்டகையில் எஞ்சினை மூடும் கவுலிங்கைக் கழற்றி வைத்தால் போதும், அக்கம்பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து மடக்கு நாற்காலிகள் தாமாக நடந்து வரும். விமானக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர் வருவார், ஒன்றும் பேசமாட்டார், ஹும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சுவார். அந்த ஹும்மின் விலை பல நூறு டாலர். ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் பக்தர் ஒருவர் எந்த நோய்க்கும் லைகாமிங்கைத் தூக்கிப் போடச் சொல்லுவார். கணினி வேலை பார்க்கும் இளைஞன் கைப்பேசியை டேஷ்போர்டில் வைத்து அதிர்வைக் கோடு கோடாக வரைந்து காட்டுவான். கோடுகள் ரொம்ப அழகாக இருக்கும்.

சாட்சி ஒன்று மட்டும் எல்லோர் கண்ணுக்கும் நேரே நின்றுகொண்டிருந்தது. விசிறியின் நடுக்கூம்பான ஸ்பின்னர் கவுலிங்கை விடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. புது ரப்பர் நாளாக நாளாகக் கொஞ்சம் படியும் என்பதால் சிலர் ஆரம்பத்திலேயே எஞ்சினை ஒரு நூல் உயர்த்தி வைப்பார்கள். ஆனால் இது படிந்ததல்ல, தொங்கியது. நம்மவர் என்ன செய்தார்? அரத்தை எடுத்துக் கவுலிங்கின் விளிம்பை ராவினார். மறு வாரம் இன்னும் கொஞ்சம் ராவினார். சைலன்சர் குழாய் அடியில் உரசியதும், கவுலிங்கில் அது வெளியேறும் ஓட்டையை அகலமாக வெட்டினார். எஞ்சின் ஏன் கீழே வந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, அது வந்த இடத்துக்குத் தக்கபடி விமானத்தை மாற்றிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் மூக்கே கீழ்நோக்கி வளைந்த புது மாடல் ஒன்று உலகத்துக்குக் கிடைத்திருக்கும்.

எஞ்சின் தொங்கிய காரணத்தை அவர் கண்டுபிடித்தது ஒரு திங்கட்கிழமை ராத்திரி, கொட்டகையில் நாற்காலிகள் இல்லாத நேரம். மவுண்டிங்கின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல்முறையாக முழுதாகப் படித்தார். எஞ்சின் முன்னால் துருத்திக்கொண்டு தொங்குவதால் மேல் போல்ட்டுகள் இரண்டும் முன்னால் இழுபடும், கீழே உள்ளவை பின்னால் அழுந்தும். அதனால் அவர் வாங்கிய செட்டில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கெட்டி ரப்பர், ஒரு மெத்து ரப்பர். மேலே ஒரு வரிசை, கீழே அதற்குத் தலைகீழ். அவர் நான்கு மூலையிலும் ஒரே வரிசையில் போட்டிருந்தார். கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினார். அந்த ராத்திரி நான்காவது போல்ட்டுக்குத் துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை.

விடியும்போது ஸ்பின்னர் உயர்ந்திருந்தது. ராவிய கவுலிங்கில் மேல்பக்கம் இப்போது ஒரு இளிப்பு தெரிந்தது. அதைக் காற்றோட்டத்துக்காக வைத்தது என்று பிற்பாடு விளக்கினார். பதிவேட்டில் எழுதியாக வேண்டுமே. "எஞ்சின் மவுண்டிங் ரப்பர்கள் மறுசீரமைக்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரால் முன்பு சீர்குலைக்கப்பட்டன என்று கேட்க அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. மனைவி மட்டும், "ஆட்டம் நின்னுடுச்சா?" என்று கேட்டாள். "விசிறிக்காரனுக்குப் போட்ட கடுதாசி வேலை செஞ்சிருக்கு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்துக் கொட்டகைக்காரர் தன் விமானத்தின் அருகே குந்தியிருந்தார். நம்மவர் நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மவுண்டிங் ரப்பரைப் பாத்தியாப்பா? மாத்திப் போட்டிருப்ப. கத்துக்குட்டிங்க எல்லாரும் செய்யறதுதான்."

"டயர்ல காத்து இறங்கியிருக்கு, அவ்வளவுதான்."

"எறங்காம? மூக்கு தொங்கினா மொத்த பாரமும் எங்கே போகும்?" என்றவாறு பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். "நீ கவுலிங்கைக் கழற்று, சொல்றேன்."