கழுத்தில் மரகதம், கையில் ரசீது

கன்னே போரில் எதிரித் தளபதி ஹானிபாலிடம் செமத்தியாக அடிவாங்கிய மறுவருடம், கி.மு. 215இல், ரோமானிய ஆண்கள் ஒரு போர்த்தந்திரம் கண்டுபிடித்தார்கள்: பெண்கள் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது. போர் முடிந்தும் சட்டம் முடியவில்லை. கி.மு. 195இல் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அரசியல்வாதி கேட்டோ தொண்டை வற்ற எதிர்த்துப் பேசியும் சட்டம் காலி.

பிறகு பெண்கள் வட்டியும் முதலுமாக நகை பூட்டிக்கொண்டார்கள். பேரரசர் கலிகுலாவின் மனைவியாக இருந்த லோலியா பாலினா, ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கே தலை, காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்துமாக 4 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) மதிப்புக்கு ஜொலித்தாராம். நேரில் பார்த்த ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். யாராவது சந்தேகப்பட்டால் காட்ட ரசீதும் தயார்! அத்தனையும் தாத்தா மாகாணங்களில் சுருட்டிய சொத்து. கொள்ளையடித்தாலும் கணக்கு சுத்தம்.

இந்த ஆடம்பரத்தால் இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸைக் கறந்துவிடுகின்றன என்றும் பிளினி புலம்பினார். கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பார்த்தால், மனிதர் சும்மா புலம்பவில்லை என்று தெரிகிறது.

ஆண்கள் மட்டும் சளைத்தவர்களா? ரோமானியக் கவிஞர் மார்ஷியல் கிண்டலடித்த ஒருவர் விரலுக்கு ஆறு மோதிரம் போட்டிருந்தார். தூங்கும்போதும் குளிக்கும்போதும் கழற்றவே மாட்டார். பாவம், கழற்றி வைக்க அவரிடம் மோதிரப்பெட்டி இல்லை.