நாய்த் தரகு

ஏண்டா மருமவனே, நாய் வாங்கப் போறியாமே? உங்கம்மா போன்ல சொன்னா. சொல்லும்போதே சிரிச்சா. நீ லாப்ரடார்ங்கிறியாம், உன் வூட்டுக்காரி ராஜபாளையம்ங்கிறாளாம், எது வந்தாலும் கட்டில்லதான் படுக்கும்னு புள்ளைங்க ரெண்டும் இப்பவே தீர்மானம் போட்டுட்டுதாம். மாமனைக் கேட்டுட்டுச் செய்யின்னு எவனோ உனக்குப் புத்தி சொல்லியிருக்கான். நல்லவன், அவன் வாய்க்குச் சர்க்கரை போடு.

நான் என்னத்தைக் கண்டேன்? வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில ஆட்டுக்கும் மாட்டுக்கும் தரகு பேசியே காலத்தை ஓட்டுனவன். ஆடு வாங்குறவன் இடுப்புல கையை வச்சு அழுத்திச் சதையைப் பாப்பான், வாயைப் பொளந்து பல்லைப் பாப்பான், நடக்கவுட்டு காலைப் பாப்பான். நாலு வார்த்தை திட்டிட்டுத்தான் விலையே கேப்பான். நாய் வாங்குறவன் மட்டும் செல்போன்ல போட்டோவைப் பாத்து, 'ஐயோ, கண்ணைப் பாரேன்'ம்பான். வித்தவன் அங்கயே ஜெயிச்சிட்டான்.

நாய் வித்த காசு குரைக்காதும்பாங்க, ஒத்துக்கறேன். வாங்குன காசு குரைக்கும்டா. தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்துன்னு பத்துப் பன்னெண்டு வருசம் குரைக்கும். இன்னிக்கு ரெண்டாங்கிளாஸ் படிக்கிற உன் சின்னவன் காலேஜுக்குப் பெட்டி கட்டுற அன்னிக்கும், அது திண்ணையில படுத்துக்கிட்டு 'எனக்குச் சோறு எங்க'ன்னு பாக்கும். அன்னிக்குத் தட்டை எடுக்கிறவ உன் வூட்டுக்காரிதான். அதனால அவ பேச்சுக்குக் கொஞ்சம் எடை கூட வச்சிக்க.

எந்தச் சாதி நாயா இருக்கட்டும், அதோட பாட்டன் பூட்டனுக்கு மனுசன் என்ன வேலை குடுத்தான்னு கேளு. அந்த வேலை அது ரத்தத்துல ஊறிக் கெடக்கும். உன் வூட்டுல அந்த வேலை இல்லைன்னா, அதுவே ஒரு வேலையத் தேடிக்கும். தேடி எடுக்கிற வேலை பெரும்பாலும் உன் செருப்புலதான் ஆரம்பிக்கும்.

லாப்ரடாரை எடுத்துக்க. பேரு என்னமோ கனடாவுல இருக்கிற லாப்ரடார் சீமையோடது. நாயி வந்தது பக்கத்துல இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து தீவுலேருந்து. பனி மெதக்குற கடல்ல மீன் புடிக்கிறவனுக்கு வலைக் கயிறு இழுக்கிறதும், நழுவுற மீனைக் கவ்விக்கிட்டு வர்றதும்தான் அதுக்கு வேலை. அங்கேருந்து இங்கிலாந்துக்குக் கொண்டாந்தான். அங்க இருந்த தொரைமாருங்க வாத்தைச் சுட்டுட்டு, குளத்துல எறங்கி எடுத்தாரதுக்கு இதை வச்சிக்கிட்டாங்க. 1903-ல இங்கிலாந்து கென்னல் கிளப்பு தனிச் சாதின்னு பட்டயம் குடுத்துச்சு. வெரலுக்கு நடுவுல ஜவ்வு, ரெண்டடுக்கு முடி, அடிப்பக்கம் தடிச்ச வாலு. எல்லாமே தண்ணிக்குன்னு செஞ்சது.

உன் ஊர்ல தண்ணி எங்க இருக்கு? மணிமுத்தாத்துல வருசத்துல பாதி நாளு மணலுதான் ஓடுது. ஆனா உன் பீங்கான் பட்டறையில ஒரு தொட்டி இருக்கு பாரு, அச்சுல ஊத்துறதுக்கு மண்ணைக் கரைச்சு வச்சிருப்பியே, அது போதும் அதுக்கு. மஞ்ச லாப்ரடாரா உள்ள எறங்கும். வெள்ளை ராஜபாளையமா வெளிய வரும். ரெண்டு நாய் வாங்குன கணக்கு. உன் வூட்டுச் சண்டையும் தீந்துடும்.

சிரிக்காத, இன்னும் வாலுக்கு வரலை. கார்த்திகைக்கு முன்னால உன் பட்டறையில நான் வந்து பாத்திருக்கேன். அச்சுலேருந்து எடுத்த அகல் விளக்கை வரிசை வரிசையா பலகையில காயப்போட்டிருப்பீங்க. பலகை சரியா முழங்கால் ஒசரம். சூளைக்குப் போவாத பச்சைச் சாமான், வெரல் பட்டாலே விளிம்பு உதிரும். லாப்ரடார் வாலும் அதே ஒசரந்தான். அது சந்தோசப்பட்டா வாலு மட்டும் ஆடாது, இடுப்போட சேந்து ஆடும். காலையில வேலைக்கு வர்ற ஒவ்வொரு பொம்பளையையும் பாத்துச் சந்தோசப்படும். அன்னன்னிக்கு எத்தினி பலகைன்னு நீயே கணக்குப் போட்டுக்க.

அப்பறம் வயிறு. சாப்பாட்டு ராமன்னு நாம கேலி பண்றோம், அதுல பாதி அது குத்தம் இல்ல. 2016-ல கேம்பிரிட்ஜ்காரங்க ஆராய்ச்சி பண்ணி, நாலு லாப்ரடார்ல ஒண்ணுக்கு 'வயிறு ரொம்பிடுச்சு'ன்னு மூளைக்குச் சொல்ற மரபணுவுலயே ஒரு துண்டு காணாமப் போயிருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. ரொம்பினாலும் அதுக்குத் தெரியாது. உங்கம்மாவுக்கோ யாரு வாசல்ல வந்து நின்னாலும் ஒரு கை சோறு போடாட்டித் தூக்கம் வராது. ஒண்ணுக்கு நிறுத்தத் தெரியாது, ஒருத்திக்கு மறுக்கத் தெரியாது. ஒரு வருசத்துல அது பிள்ளையாராட்டம் ஆயிடும். கனம் ஏறினா இடுப்பு மூட்டு போவும், அந்தச் சாதிக்கு ஏற்கெனவே மூட்டு பலகீனம். அளந்து போடணும். ஞாயித்துக்கிழமை பிரியாணி மிச்சத்தைக் கொட்டாதீங்க, வெங்காயம் நாய்க்கு வெஷம். வெந்த கோழி எலும்பு ஊசியா ஒடைஞ்சு கொடலைக் கிழிச்சிடும். சாக்லேட்டும் திராட்சையும் ஆவாது. இதையெல்லாம் உங்கம்மாகிட்ட நீ சொல்லு. நான் மாட்டேன், எனக்கு அவ வூட்டுல சோறு வேணும்.

வெயிலும் ஒரு சங்கதி. பனிக்காக நெஞ்ச சட்டையைப் போட்டுக்கிட்டு உன் சூளைக்குப் பக்கத்துல வந்து படுக்கப் போவுது. கத்திரி வெயில்ல நமக்கே நாக்கு தள்ளுது. அதுக்கு நாக்கைத் தள்ளுறதுதான் ஏசி, ஒடம்பெல்லாம் வேர்க்காது. முடிய வழிச்சு வுட்டா குளுகுளுன்னு இருக்கும்னு எவனாவது சொன்னா கேக்காத, அந்த முடிதான் வெயிலையும் தடுக்குது. விடியிறதுக்குள்ள நடத்திக் கூட்டியாந்துடணும். ரோட்டுல உன் பொறங்கையை வச்சுப் பாரு, உனக்குச் சுட்டா அதுக்கும் சுடும். நீ விடியிறதுக்குள்ள எந்திரிக்கிற ஆளா? உன் கல்யாண முகூர்த்தத்துக்கே ஒன்னைத் தண்ணி தெளிச்சுத்தான் எழுப்புனோம்.

சரி, உன் வூட்டுக்காரி சொன்னதுக்கு வருவோம்.

ராஜபாளையம் பாக்குறதுக்கு ராசாதான், இல்லைன்னு சொல்லல. பால் வெள்ளை, ரோசாப்பூ கலர்ல மூக்கு, தேன் கண்ணு, ஒல்லி வயிறு. வெள்ளைக்காரன் முகாம்ல பூந்து குதிரை லாயத்தையே கலக்குச்சுன்னு பாளையக்காரர் காலத்துக் கதையும் ஒண்ணு சொல்றாங்க. 2005-ல தபால் தலையில ஏறிடுச்சு. நம்ம வம்சத்துல இன்னும் யாரும் ஏறலை. 2020 ஆகஸ்ட்ல பிரதமரே ரேடியோவுல பேரைச் சொன்னாரு, சிப்பிப்பாறை, கன்னி, கோம்பையையும் சேத்துத்தான். அரியானா கர்னால்ல இருக்கிற தேசிய கால்நடை மரபு வளப் பணியகத்துலயும் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் பதிவு உண்டு. 2024-ல தமிழ்நாடு அரசு நாய் இனவிருத்திக்குக் கொள்கை போட்டு, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக்கு மாதிரி நம்ம வெயிலுக்கு ஆவாத சாதியைக் குட்டி போடவைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அந்தப் பட்டியல்ல நியூஃபவுண்ட்லாந்து நாயி மாட்டிக்கிச்சு. அதே தீவுலேருந்து வந்த லாப்ரடார் தப்பிச்சிடுச்சு. ஆள் பழக்கம் எங்க போனாலும் உதவுது பாரு.

பெருமை பேசுறதுல நமக்குக் கொறைச்சல் கெடையாது. இந்த நாட்டு நாய்ங்களுக்குன்னே சைதாப்பேட்டையில கவர்மெண்டு ஒரு இனவிருத்தி மையம் வச்சிருந்துச்சு. நாய்ங்க இருந்த நெலமையைப் பாத்துட்டு 2016-ல ஐகோர்ட்டே மூடச் சொல்லிடுச்சு. பேச்சுல மண்ணின் மைந்தன், கூண்டுல எலும்பும் தோலும்.

இப்ப அதோட பாட்டன் வேலையைப் பாரு. பண்ணையக் காக்கிறது, காட்டுப்பன்னியத் தொரத்துறது. அது ஒருத்தனைத்தான் எசமான்னு நெனைக்கும். மத்தவங்களைச் சகிச்சுக்கும், அவ்வளவுதான். தெரியாத மனுசன் வாசல்ல வந்தா, 'யாருடா நீ'ன்னு கேக்காது, நேரா விசயத்துக்கு வந்துடும். உன் வூட்டு வாசலும் பட்டறை வாசலும் ஒண்ணு. மண்ணு எறக்குற லாரிக்காரன், வைக்கோலு வச்சுப் பொட்டி கட்டுறவன், சிலிண்டர் போடுறவன், ஈபி ஆளு, குழுக்கடன் வசூலுக்கு வர்றவன்னு நாளெல்லாம் புது மூஞ்சி. கடைசி ஆளைக் கடிச்சா நீ உள்ளுக்குள்ள சந்தோசப்படுவ, எனக்குத் தெரியும். ஆனா ஆஸ்பத்திரிச் செலவும் உன் தலையில, கடனும் உன் தலையில.

கடின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, இதுல வெளையாட்டுப் பேச்சு கெடையாது. எந்த நாயி கடிச்சாலும், உன் வூட்டு நாயே ஆனாலும், ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவணும். மஞ்சளு, மொளகாத் தூளு, சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. அன்னிக்கே ஆஸ்பத்திரி போயி ஊசி போடணும், கவர்மெண்டு ஆஸ்பத்திரியில காசு கெடையாது. வெறி கண்டுட்டா அப்பறம் வைத்தியமே இல்ல. குட்டிக்கு மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, அப்பறம் வருசா வருசம். ரத்தக் கழிச்சலுக்கு ஆறு எட்டு வாரத்துலயே ஊசி ஆரம்பிக்கணும். பார்வோம்பாங்களே, அதுதான்.

ராஜபாளையத்துல இன்னொரு சூட்சுமம் இருக்கு. அந்த வெள்ளைக்குப் பின்னாலயே செவிடும் வரும். ஒரு ஈத்துல எல்லாக் குட்டியும் ஒரே மாதிரி துள்ளும், அதுல ஒண்ணுக்குக் காது கேக்காது. மத்தது ஓடுனா அதுவும் கூட ஓடும், மத்தது முழிச்சா அதுவும் முழிக்கும். உனக்கு எங்க தெரியப் போவுது? விக்கிறவன் கை தட்டிக் காட்டுவான். கை ஆடுறதைப் பாத்தே அது திரும்பிடும். தட்டைக் கீழ போட்டுக் காட்டுவான், தரை அதிர்றதுலயே திரும்பும். நீ அந்தக் குட்டியத் தனியா எடுத்தாந்து, அது வேற எதையாவது மோந்துக்கிட்டிருக்கிறப்ப, முதுகுக்குப் பின்னால கொஞ்சம் தள்ளி நின்னுகிட்டு சாவிக்கொத்தைக் குலுக்கு. காது மடல் அசையுதான்னு பாரு. அசையலைன்னா மறுபடி ஒரு தரம். இதைச் செய்யாம வாங்கிட்டு வந்து, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுனா அவரு என்ன பண்ணுவாரு? கூப்ட்டா திரும்பாதது ஒண்ணு ஏற்கெனவே உன் வூட்டுல இருக்கு. காதுல ஒயரை மாட்டிக்கிட்டுத் திரியிறானே உன் பெரியவன், அவன் ஒருத்தன் போதும்.

எதை வாங்கினாலும் தாயப் பாக்காம வாங்காத. தாய் ஆளைக் கண்டு பம்முனா குட்டியும் பம்மும். எட்டு வாரம் ஆவாத குட்டியத் தராதேன்னு சொல்லு. கென்னல் கிளப்பு சர்டிபிகேட்டுன்னு ஒரு காயிதம் நீட்டுவான். பாத்துக்க, வேணாங்கல, ஆனா நாயி அதைப் படிச்சிட்டு வளராது.

இப்ப முடிவுக்கு வர்றேன், இல்லைன்னா உன் டீ ஆறிப் போவும். ராஜபாளையத்தை உன் பட்டறையில வுட்டா கட்டித்தான் போடணும். நாள் முழுக்க கட்டிப்போட்ட நாயி கோட்டி புடிச்சுப் போவும், வளத்தவனையே கடிக்கும். ஆளுங்க வந்து போற வூட்டுக்கு, புள்ளைங்க மேல வுழுந்து பொரள்றதுக்கு, லாப்ரடார்தான் தோது. பட்டறைக்கும் வூட்டுக்கும் நடுவுல இடுப்பொசரத்துக்கு ஒரு கதவு போடு. தொட்டிக்கு ஒரு மூடி போடு. அரிசிப் பானைக்கும் உங்கம்மா கைக்கும் பூட்டு போடு. மஞ்ச நாயி நிம்மதியா வளரும்.

அவளுக்கு மனசு கோணும், தெரியும். அவ பொறந்த ஊரு அந்தப் பக்கந்தானே, பொறந்த வூட்டுலேருந்து ஒரு சாமான் வரலைன்னு இன்னும் நாலு வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவா. அதுக்கும் வழி இருக்கு. ராஜபாளையத்தையும் வாங்கிடு. வாங்கி என் கொல்லையில கொண்டாந்து வுடு. எனக்கு மக்காச்சோளம் கதிர் புடிக்கிற பருவம், ராத்திரியெல்லாம் பன்னி வந்து ஒழவு ஓட்டிட்டுப் போவுது. அது எதையும் புடிக்க வாணாம், புடிச்சா வனத்துறைக்காரன் நம்மளப் புடிப்பான். குரைச்சாப் போதும். என்னை மட்டுந்தான் எசமான்னு நெனைக்கும், இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன்? லீவுல உன் வூட்டுக்காரி வந்து பாத்துக்கிட்டும், 'என் நாயி'ன்னு சொல்லிக்கிட்டும். தரகுன்னு நான் ஒரு பைசா கேக்க மாட்டேன், சொந்தத்துக்குள்ள என்ன இருக்கு. குட்டி விலை உன்னது, ஊசி உன்னது, தீனிக்கு மாசாமாசம் அந்த போன்ல போட்டு வுடுவியே, அப்படிப் போட்டு வுடு.

ஞாயித்துக்கிழமையே கெளம்பிடுவோம். ராஜபாளையம் போவ திருச்சி, மதுரை வழிதானே, எப்படியும் வேப்பூர் கூட்ரோட்டைத் தாண்டித்தான் கார் போவணும். அஞ்சு மணிக்குப் பாலத்துக்கு அடியில நிக்கிறேன், ஏத்திக்க. சாவிக்கொத்தை மறக்காம எடுத்தா.